குவாட் 405: பழைய போர்டா, புது போர்டா?

1975-ல் வந்த இந்த இங்கிலாந்து ஆம்ப்ளிஃபையரில் ஒவ்வொரு சேனலுக்கும் (இடது, வலது) ஒரு தனி சர்க்யூட் போர்டு. ஒரு பக்கம் ஊமையானால் இரண்டு வழி: இருக்கும் போர்டையே சரிசெய்யலாம், இல்லை, இப்போது கிடைக்கும் புது போர்டை அப்படியே மாட்டலாம்.

புது போர்டு ஒரே மதியத்தில் முடிகிற வேலை. போர்டின் செம்புத் தடம் கருகி, உரிந்து வந்திருந்தால் அதுதான் சரி.

மற்றபடி என் ஓட்டு பழைய போர்டுக்கே. 405-ன் 'கரன்ட் டம்பிங்' அமைப்பில், அதாவது பெரிய டிரான்சிஸ்டர்கள் செய்யும் பிழையை ஒரு சின்ன, துல்லியமான ஆம்ப்ளிஃபையர் ஈடுசெய்யும் முறையில், பயாஸ் (ஒலி இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டம்) திருகி அமைக்கவே தேவையில்லை. அதனால் வெளியீட்டு டிரான்சிஸ்டரை மாற்றிய பிறகும் மீண்டும் அளந்து அமைக்கும் தொல்லை இல்லை. பெரும்பாலும் கெட்டிருப்பவை சின்ன எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள்தான். தலை லேசாக உப்பியிருக்கும், காலடியில் பழுப்புக் கறை ஒட்டியிருக்கும். பத்து நிமிடம் சால்டரிங் அயர்ன் பிடித்தால் போதும்.

ஆனால் ஒன்றைத் தொடவே கூடாது: 47 ஓம், 500 ஓம், 120 பிக்கோஃபாரட், 3 மைக்ரோஹென்றி சுருள் என்ற நால்வர் கூட்டணி. முதல் மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய அந்தச் சுருளின் மதிப்பே வரும். அந்தச் சமநிலையில்தான் இதன் சுத்தமான ஒலி நிற்கிறது. மலிவான புது போர்டுகளில் நான் முதலில் பார்ப்பதும் இந்த இடத்தைத்தான்.

எந்த வழியானாலும், முதல்முறை, ஆம்ப்ளிஃபையருக்கு வரும் மின்சாரம் ஒரு 60 வாட் குண்டு பல்பு வழியாகவே போகும்படி தொடரில் (சீரிஸ்) இணைத்து மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் சரி. அப்புறம் ஸ்பீக்கர் முனையில் டிசி (நேர்மின்) வோல்டேஜை அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட்தான் இருக்க வேண்டும்.