பட்டறைக்குத் தூள் பிரிப்பான்: இரண்டு ஓட்டை மூடியா, பேஃபிளா, சைக்ளோனா?

மரவேலைப் பட்டறையில் வேக்குவம் கிளீனரை டேபிள் சாவிலோ (மேசை ரம்பம்) சாண்டரிலோ (மரத்தைத் தேய்க்கும் மெஷின்) மாட்டி வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: ஆரம்பத்தில் நன்றாக இழுக்கிறது, கொஞ்ச நேரத்தில் திணறுகிறது. மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. ஃபில்டர் முழுக்க நைஸ் தூள் அப்பிக்கொண்டு காற்று போக வழி இல்லாமல் ஆகிவிட்டது, அவ்வளவுதான். இதற்கு வழி, ஹோஸுக்கும் வேக்குவத்துக்கும் நடுவில் ஒரு டப்பாவை வைத்து தூளை அங்கேயே விழவைத்துவிடுவது. அதை நாமே செய்துகொள்ள மூன்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றும் வேலை செய்யும். எதைச் செய்வது என்று முடிவெடுக்க இரண்டு விஷயம் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி: காற்றை இழுக்கிற மெஷின் எது, வரப்போகிற தூள் எப்படிப்பட்டது.

மெஷினை முதலில் பார்ப்போம், ஏனென்றால் நிறைய பேர் குழம்புவது இங்கேதான். வேக்குவம் கிளீனர் இழுக்கும் காற்றின் அளவு குறைவு, ஆனால் உறிஞ்சும் அழுத்தம் அதிகம். நீர்மட்டக் கணக்கில், அதாவது குழாயில் தண்ணீரை எவ்வளவு உயரம் இழுத்துத் தூக்கும் என்ற கணக்கில், 60 முதல் 80 அங்குலம் வரை போகும். பெரிய விசிறி வைத்த டஸ்ட் கலெக்டர் இதற்கு நேர் எதிர்: காற்று ஏராளம், அழுத்தம் சுமார் 8 முதல் 12 அங்குலம்தான். அதனால் நடுவில் வைக்கும் பிரிப்பான் இரண்டு மூன்று அங்குல அழுத்தத்தைத் தின்றுவிட்டால் வேக்குவம் அதைக் கண்டுகொள்ளாது, டஸ்ட் கலெக்டரோ கையிருப்பில் கால் பங்கை இழந்துவிடும். ஒருவர் புகழ்ந்த அதே டிசைனை இன்னொருவர் திட்டுவதற்குப் பாதிக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

சரி, முதல் வகை. மூடியுள்ள ஒரு பக்கெட் அல்லது டிரம், மூடியில் இரண்டு ஓட்டை. ஒன்றில் உள்ளே வரும் குழாய், அதன் நுனியில் ஒரு எல்போவை (வளைந்த குழாய்த் துண்டு) போட்டு சுவரை ஒட்டிச் சுற்றும்படி திருப்பிவிட வேண்டும். நடுவில் இருக்கும் இன்னொன்று காற்று வெளியே போகும் வழி. ஒரு மதியத்துக்குள் முடிந்துவிடும் வேலை. குறுகலான ஹோஸில் வேகமாக வந்த காற்று அகலமான டப்பாவுக்குள் நுழைந்ததும் வேகம் இழக்கிறது, கனமான துண்டுகள் விழுந்துவிடுகின்றன. பிளேனர் சீவல், ரூட்டர் தூள், அறுக்கும்போது தெறிக்கும் சில்லு, எல்லாவற்றுக்கும் இது போதும். ஆனால் டப்பா பாதி நிறைந்ததும் இதன் குணம் மாறிவிடும், ஏனென்றால் மேலே சுழலும் காற்று கீழே படிந்திருக்கும் தூளைக் கிளறி மறுபடி தூக்கிக்கொண்டு போய்விடும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை, தூள் ரொம்ப நைஸ்) அறுக்கிறவர்கள் இதை நம்பினால் ஃபில்டர் பழையபடி அடைத்துக்கொள்ளும்.

அந்தக் கிளறலைத் தடுக்க வந்ததுதான் பேஃபிள். ஃபில் தீன் என்பவர் பரப்பிய வடிவம் இது, அவர் பெயரிலேயே தீன் பேஃபிள் என்று சொல்கிறார்கள். டிரம்முக்குள், உள்ளே வரும் குழாய்க்குச் சற்றுக் கீழே ஒரு வட்டப் பலகை. அதன் விளிம்பில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 240 டிகிரிக்கு, டிரம் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் சுமார் 28 மில்லிமீட்டர் இடைவெளி. மிச்சப் பகுதி சுவரோடு ஒட்டியிருக்கும். சுவரை உரசிக்கொண்டு சுழலும் தூள் அந்த இடைவெளி வழியே கீழே நழுவிவிடும், மேலே அடிக்கும் சுழல்காற்று கீழே இருக்கும் குவியலைத் தொடாது. எளிமையான யோசனை, ஆனால் உண்மையிலேயே வேலை செய்கிறது. பிளைவுட் துண்டு ஒன்றும் ஜிக்சா ஒன்றும் இருந்தால் போதும், உயரம் அதிகம் தேவையில்லை, அழுத்த இழப்பும் குறைவு. தாழ்வான கூரை உள்ள பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. டிரம் மேல் தனியாக ஒரு உருளைத் தொப்பி கட்டி, குழாயைப் பக்கவாட்டில் தொடுகோடாக நுழைக்கும் ரகமும் உண்டு. எல்போ உள்ளே நீட்டிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே நிற்காததால் அது இன்னும் சுத்தமாகப் பிரிக்கும்.

குறையும் இருக்கிறது. மென்மரத்தைப் பிளேனரில் விட்டால் வரும் நீளமான சுருள்கள் அந்த 28 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கே மாட்டிக்கொள்ளும், ஒன்று மாட்டினால் அடுத்தது அதன்மேல் வந்து சேரும், அப்புறம் பேஃபிளுக்கு மேலே கூடு கட்டியது போல் ஆகிவிடும். டிரம் நிறைந்து பலகையைத் தொட்டுவிட்டாலும் அதே கதைதான், அடுத்து வருவது எல்லாம் நேராக ஃபில்டருக்குப் போகும்.

மூன்றாவது, சைக்ளோன். மூன்றிலும் பழையது இதுதான். அமெரிக்காவில் 1885இலேயே காப்புரிமை பெற்ற சாதனம். (டைசன் வேக்குவம் கிளீனருக்குப் பொறி தட்டியதும் ஒரு மர அறுவை மில்லின் சைக்ளோனைப் பார்த்துத்தான், அதற்கப்புறம் அந்த மனிதர் 5,127 மாதிரிகள் செய்தார் என்பது தனிக் கதை.) மேலே உருளை, கீழே கூம்பு. காற்று தொடுகோடாக நுழைந்து சுழன்றுகொண்டே கூம்பில் இறங்கி, அடியில் திரும்பி, நடுக்குழாய் வழியே மேலேறி வெளியே போகும். தூள் திரும்ப முடியாமல் சுவரோடு வழுக்கிக் கீழே உள்ள டப்பாவில் விழும்.

இது ஏன் நைஸ் தூளையும் பிடிக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சுழலும் பொருளை வெளியே தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் வருவது. மரத்தூளைக் குழாயில் படியாமல் கொண்டுபோக நொடிக்கு 20 மீட்டர் வேகம் வேண்டும். அதே வேகத்தில் 7 சென்டிமீட்டர் ஆரமுள்ள சின்ன சைக்ளோனுக்குள் சுழன்றால் தூள் உணர்வது ஈர்ப்பு விசையைப் போல 580 மடங்கு. 28 சென்டிமீட்டர் ஆரமுள்ள டிரம்மில், அந்த வேகம் குறையவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 145 மடங்குதான். வேக்குவம் கிளீனருக்கென்று பக்கெட் மூடியில் மாட்டும் சின்ன பிளாஸ்டிக் கூம்புகள் நன்றாக வேலை செய்வதற்கு இதுதான் காரணம்.

அந்தக் கூம்பைத் தகரத்தில் நாமே வளைக்க நினைப்பவர்களுக்கு ஸ்டெயர்மாண்ட் என்ற சைக்ளோன் ஆய்வாளர் 1951இல் கொடுத்த அளவு விகிதம் நல்ல தொடக்கம்: உருளையின் விட்டம் ஒரு பங்கு என்றால் அதன் உயரம் ஒன்றரைப் பங்கு, கூம்பின் உயரம் இரண்டரைப் பங்கு, வெளியேறும் நடுக்குழாயின் விட்டம் அரைப் பங்கு, நுழைவாய் அரைப் பங்கு உயரமும் ஐந்தில் ஒரு பங்கு அகலமும் உள்ள செவ்வகம். நடுக்குழாய் நுழைவாயின் அடிமட்டத்தைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்த தூள் சுற்றாமலேயே குறுக்குவழியில் ஓடிவிடும். டஸ்ட் கலெக்டருக்கு இதைச் செய்தால் விட்டம் 45 சென்டிமீட்டருக்கே உயரம் 180 சென்டிமீட்டர் ஆகிவிடும், அதற்குக் கீழே டப்பா வேறு. கூரையையும் மோட்டாரையும் பார்த்துவிட்டுத் தகரத்தில் கை வையுங்கள். சிறிய மோட்டாருக்கு இந்த வேலை வீண் என்றே நினைக்கிறேன்.

மூன்றுக்கும் பொதுவான இரண்டு விஷயங்களைப் பலர் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒன்று, காற்றுக் கசிவு. சேகரிக்கும் டப்பாவில் ஒரு சின்ன இடுக்கு இருந்தாலும் அதன் வழியே கீழிருந்து மேலே காற்று பாயும், விழ வேண்டிய தூளைத் தாங்கி நடுக்குழாய்க்கு அனுப்பிவிடும். இந்தப் பழி பெரும்பாலும் சைக்ளோன் மேல் விழுகிறது. மூடிக்கு ஃபோம் பட்டை, குழாய் பொருத்துகளுக்கு சிலிக்கோன், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இரண்டாவது, டப்பா நசுங்குவது. ஹோஸ் அடைத்துக்கொண்டால் வேக்குவத்தின் முழு அழுத்தமும் டப்பா மேல் விழும். 60 அங்குலம் என்றால் சுமார் 15 கிலோபாஸ்கல்; 30 சென்டிமீட்டர் மூடியின் மேல் அது கிட்டத்தட்ட 110 கிலோ எடை. 57 சென்டிமீட்டர் டிரம் மூடி என்றால் 390 கிலோ! மெல்லிய தகர டப்பா சத்தத்தோடு உள்வாங்கிவிடும். ஆகவே வேக்குவத்துக்குத் தடித்த சின்ன பக்கெட்தான் சரி. பெரிய டிரம்தான் வேண்டும் என்றால் உள்ளே பிளைவுட் வளையங்கள், கூடவே அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறக்கும் ஒரு ஸ்பிரிங் வால்வு. டஸ்ட் கலெக்டரின் 10 அங்குல அழுத்தத்தில் அதே டிரம் மூடிக்கு 65 கிலோதான், அதை ஓரளவு கனமான டிரம் தாங்கும்.

பிளாஸ்டிக் குழாயில் ஸ்டேட்டிக் ஷாக் அடிப்பது தொந்தரவுதான், குழாய் நெடுக ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி எர்த்தில் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அதைவிட ஆபத்தானது, இரும்பைக் கிரைண்டரில் தேய்க்கும்போது அதே பிரிப்பானை மாட்டுவது. ஒரு பொறி தூளுக்குள் புதைந்து மணிக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். இரும்புக்குத் தனி டப்பா வையுங்கள்.

நுரையீரலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி 1995இல் சேர்த்தது. பிரிப்பான் காப்பாற்றுவது ஃபில்டரை, உங்களை அல்ல. 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ளதில் ஒரு பகுதி எந்த வீட்டுத் தயாரிப்பையும் தாண்டிப் போகும், அதைப் பிடிக்க வேக்குவத்தில் மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரும் முகத்தில் மாஸ்க்கும் வேண்டும். டப்பாவைக் காலி செய்யும் அந்த ஒரு நிமிடத்திலும் மாஸ்க் இருக்கட்டும்.

நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் இப்படி: வேக்குவம் கிளீனரும் சாண்டரும் என்றால் யோசிக்காமல் சின்ன கூம்பு, அதை விலைக்கு வாங்கி பக்கெட்டை மட்டும் நாமே செய்வது நல்லது. டஸ்ட் கலெக்டரும் டேபிள் சாவும் என்றால் தொப்பி வைத்த பேஃபிள். நாள் முழுக்க பிளேனர் ஓடும் இடத்தில், சீவல் மட்டுமே என்றால், வெறும் இரண்டு ஓட்டை மூடியே போதும், ஆனால் பெரிய டிரம்மாக இருக்கட்டும். செய்து முடித்ததும் ஒரு கிலோ நைஸ் தூளை எடைபோட்டு ஹோஸில் மெதுவாக விட்டு, டப்பாவில் விழுந்ததைத் திரும்ப எடைபோடுங்கள். 900 கிராமுக்குக் கீழே வந்தால் டிசைனை மாற்றுவதற்கு முன்னால் மூடி காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.