ரியாக்‌ஷன் டெஸ்ட்: செல்போனிலா, கம்ப்யூட்டரிலா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பசங்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் ரியாக்‌ஷன் டெஸ்ட் போட்டு, உனக்கு எத்தனை எனக்கு எத்தனை என்று மல்லுக்கட்டுகிறார்கள். திரை நிறம் மாறியதும் தட்ட வேண்டும், அவ்வளவுதான். பலருக்கும் 200-லிருந்து 300 மில்லிசெகண்டுக்குள் வரும் (ஆயிரம் மில்லிசெகண்ட் ஒரு செகண்ட்).

சரி, அந்த எண் முழுக்க நம் வேகமா? இல்லை. 60 ஹெர்ட்ஸ் திரை, அதாவது செகண்டுக்கு 60 முறை படம் மாற்றும் திரை, ஏறக்குறைய 17 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் படத்தை மாற்றும், அதற்கு மேல் தொடுதிரை நம் விரலை உணர்ந்துகொள்ள எடுக்கும் நேரமும் சேரும், போதாக்குறைக்கு நம்மூர் உப்புக்காற்று வேறு. பிசுபிசுத்த கண்ணாடியில் வியர்த்த விரலால் தட்டினால் ஒரு நேரம் பதிவாகும், ஒரு நேரம் ஆகாது. மவுஸ் வைத்த கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை குறைவு. குறிபார்த்துக் கிளிக் செய்யும் டெஸ்டுக்கும் அதுதான் சரி. செல்போனில் கட்டைவிரலே குறியை மறைத்துவிடும்.

பழகிப் பார்க்க செல்போன் போதும். யார் வேகம் என்று பந்தயம் கட்டுவதாக இருந்தால் ஒரே கம்ப்யூட்டர், ஒரே மவுஸ், ஆளுக்கு ஐந்து முறை, வந்த எண்களைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் வருவதை எடுங்கள்.

எண்களைக் காட்டி மறைத்துத் திருப்பிக் கேட்கும் நினைவாற்றல் டெஸ்டை எதில் செய்தாலும் பெரிய வித்தியாசமில்லை. எண்களை ஒவ்வொன்றாகப் பிடிக்காமல் 947, 281 என்று மும்மூன்றாகக் கட்டிவைத்தால் கூடுதலாக நிற்கும். ஆனால் தினமும் ஆடினால் ஏறுவது பெரும்பாலும் அந்த டெஸ்ட் ஸ்கோர்தான். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அம்மாவிடம் கதை விடாதீர்கள்.