கேமரா கண்ணாடியா, கையில் இருக்கும் போனா?

கேமரா பொருத்திய மூக்குக் கண்ணாடி வாங்கலாமா, போனே போதுமா என்று பலர் குழம்புகிறார்கள். சரி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பேட்டரி:
போன் பெரும்பாலும் ஒரு நாள் தாங்கும்.
2023இல் வந்த ரே-பான் மெட்டா கண்ணாடிக்கு நிறுவனமே சொன்ன கணக்கு 4 மணி நேரம் வரைதான்.

பழுது:
போனில் பேட்டரி, திரை இரண்டையும் மாற்றலாம்.
கண்ணாடியில் பேட்டரி சட்டத்துக்குள் அடைபட்டிருக்கும். அது தளர்ந்தால் பெரும்பாலும் புதுக் கண்ணாடிதான் வாங்க வேண்டும்.

வசதி:
இதில் கண்ணாடிக்கே என் ஓட்டு. இரண்டு கையும் காலியாக இருக்கும்.

எதிரில் இருப்பவர்:
எனக்கு இதுதான் முக்கியம். போனைத் தூக்கினால் படம் எடுப்பது தெரியும். வேண்டாதவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கண்ணாடியில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரியும். நல்ல வெயிலில் அது யார் கண்ணில் படும்? 2013இல் கூகுள் கிளாஸ் என்ற கேமரா கண்ணாடி வந்தபோது சில மதுக்கூடங்கள் அதை உள்ளே அனுமதிக்க மறுத்தது இந்தப் பயத்தால்தான்.

பார்வைக் குறைபாடு உள்ளவருக்குக் கண்ணாடியைத் தயங்காமல் சொல்வேன். ஒரு கையில் கோல் இருக்கும்போது போனை எப்படிப் பிடிப்பது? 'பீ மை ஐஸ்' என்ற உதவிச் செயலி வழியாகத் தன்னார்வலர் ஒருவர் அந்தக் கேமராவில் பார்த்துப் பெயர்ப்பலகையை வாசித்துச் சொல்கிறார். இரண்டு கையாலும் வேலை செய்துகொண்டே அதைப் பதிவு செய்பவருக்கும் கண்ணாடியே பொருந்தும்.

மற்றவர்களுக்குப் போன் போதும். அப்புறமும் வாங்குவீர்கள் என்றால், உடை மாற்றும் அறை, மருத்துவமனை, பள்ளி வாசலிலேயே கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.