கேபினெட்டில் 120 மி.மீ. ஃபேனுக்கு ஓட்டை: ஹோல் சாவா, ஜிக்சாவா, வெறும் டிரில்லும் அரமுமா?

என் கம்ப்யூட்டர் கேபினெட் பழைய ஆபீஸ் ரகம். முன்னால் காற்று உள்ளே வர ஒரு சின்ன சல்லடை, பின்னால் ஒரு ஃபேன், அவ்வளவுதான். அதற்குள் ஒரு கிராஃபிக்ஸ் கார்டைத் திணித்த பிறகு, மே மாதம் முழுக்கப் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்தே ஓட்டினேன். ஒரு நாள் காலையில் ராம் ஸ்லாட்டுக்கு மேல் ஒரு பல்லி நிதானமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான், சரி, ஓட்டை போட்டே ஆகவேண்டும் என்று முடிவுக்கு வந்தேன். மூடியில் ஒன்று, மேல் தகட்டில் ஒன்று என இரண்டு ஓட்டை, இரண்டும் இரண்டு வழியில். எது எப்படி என்று இப்போது கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் அளவு, ஏனென்றால் பாதிப் பேர் இங்கேயே சறுக்குகிறார்கள். 120 மி.மீ. ஃபேன் என்பது சட்டத்தின் அளவு, ஓட்டையின் அளவு அல்ல. பழைய சிடியின் விட்டமும் சரியாக 120 மி.மீ. என்பதால் அதை வைத்துக் கோடு போட்டுவிட நினைப்போம். அப்படி வெட்டினால் சட்டத்தின் நான்கு பக்கமும் தகட்டில் உட்கார இடமே இருக்காது, இடுக்கு வழியாகக் காற்று கசியும். 114 அல்லது 115 மி.மீ. போதும். நான்கு ஸ்க்ரூ ஓட்டைக்கும் மையத்துக்கு மையம் 105 மி.மீ. சதுரம். 140 மி.மீ. ஃபேன் என்றால் அந்தச் சதுரம் 124.5. கண்ணாடி மூடி வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், டெம்பர்டு கிளாஸில் டிரில் வைத்தால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும்.

எல்லோரும் முதலில் சொல்வது ஹோல் சா, அதாவது டிரில்லில் மாட்டி வட்டமாக அறுக்கும், விளிம்பில் பல் வைத்த கிண்ணம். நாலரை அங்குலம் என்று கேட்டால் 114 மி.மீ. வந்துவிடும், கச்சிதமான வட்டம், இரண்டு நிமிட வேலை என்பார்கள். வட்டம் கச்சிதம்தான், ஆனால் அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி யாரும் முழுதாகச் சொல்வதில்லை. கேபினெட் தகரம் 0.6, 0.7 மி.மீ. கனம். மெல்லிய தகட்டை அறுக்கப் பல் நெருக்கமாக இருக்கவேண்டும், பல் இடைவெளி தகட்டின் கனத்தைவிட ரொம்ப அதிகமானால் பல் அறுக்காது, கொக்கி மாதிரி மாட்டி இழுக்கும். ஹோல் சாவில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. போதாததற்கு வேகம். இவ்வளவு பெரிய விட்டத்துக்கு நிமிடத்துக்கு 80 சுற்று போல ஓடினால் போதும், நம் வீட்டு டிரில் மெஷினோ 2,500-க்கு மேல் சுற்றும். ட்ரிக்கரை லேசாக அழுத்தி மெதுவாக ஓட்டலாம் என்றுதான் நானும் நினைத்தேன். முக்கால்வாசி வட்டம் நன்றாகவே போனது. கடைசியில் ஒரு பல் மாட்டியது, மெஷின் என் மணிக்கட்டை முறுக்கியது, மூடி கிளாம்பை உருவிக்கொண்டு சுற்றியது. வலது கையில் ஒரு வாரம் டம்ளர் கூடத் தூக்க முடியவில்லை. மூடி நடுவில் குழிந்து அப்பளம் மாதிரி ஆனது, அதைச் சுத்தியலால் தட்டி ஓரளவு நேராக்கித்தான் மாட்டியிருக்கிறேன்.

இதைச் சரியாகச் செய்ய வழி இருக்கிறது. தகரத்தை இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவில் இறுக்கிவிட்டால் பல்லுக்குப் பிடிமானம் மரத்தில் கிடைக்கும், மாட்டாது. பக்கத்துக் கைப்பிடி உள்ள, லோ கியர் உள்ள டிரில் வேண்டும், அறுக்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும். ஐந்தாறு கேபினெட்டுக்கு வரிசையாக ஓட்டை போடுபவர்களுக்கு ஹோல் சாவை மிஞ்சியது இல்லை. ஒரே ஒரு ஓட்டைக்கு அந்த விலை கட்டுப்படியாகாது, வாங்கி ஒருமுறை பயன்படுத்திவிட்டுப் பரணில் போடவேண்டியதுதான்.

மேல் தகட்டை ஜிக்சாவில் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி அறுக்கும் கை மெஷின்) வெட்டினேன், என் ஓட்டு இதற்குத்தான். இங்கே எல்லாமே பிளேடில் இருக்கிறது. மெஷினோடு வரும் மர பிளேடைப் போட்டால் ஹோல் சா கதையேதான் மறுபடி நடக்கும். பாஷ் கம்பெனியின் பிளேடு எண்ணில் டி118ஜி என்று கேளுங்கள், 0.5 முதல் 1.5 மி.மீ. தகட்டுக்கானது, பல் இடைவெளி 0.7 மி.மீ.தான். டி118ஏ கொஞ்சம் கனமான தகட்டுக்கு, அலுமினிய கேபினெட்டுக்குச் சரியாக இருக்கும். அலுமினியம் என்றால் பிளேடில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் துருவல் பல்லில் அப்பிக்கொள்ளும். வட்டத்துக்குள் 10 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டு அதில் பிளேடை இறக்கவேண்டும், பிளேடை முன்னும் பின்னும் ஆட்டும் பெண்டுலம் சுவிட்சைப் பூஜ்ஜியத்தில் வைக்கவேண்டும், தகரம் அதிராமல் அடியில் பிளைவுட் முட்டுக்கொடுத்து அதையும் சேர்த்தே வெட்டவேண்டும். பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டாமல் ஆரம்பித்தால், ஜிக்சாவின் அடித்தட்டு உழுத வயல் மாதிரி கீறிவிடும். சத்தம் மட்டும் தாங்காது. மதியம் தூங்கும் வீட்டில் செய்யாதீர்கள்.

ஜிக்சாவின் குறை என்றால், ஓரத்துக்குப் பக்கத்தில் போக முடியாது. கேபினெட்டின் மடிப்பு விளிம்பு அடித்தட்டில் இடிக்கும், அந்த இடத்தில் வேறு கருவிதான். அப்புறம் வட்டம் கையால் வருவதுதானே, கொஞ்சம் கோணும். ஃபேன் மேல் ஒரு கம்பி கிரில் மாட்டினால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

டிரெமல் மாதிரி, சின்ன வட்டைச் சுழற்றி வெட்டும் கை மெஷின் இருந்தால் ஓரத்துக்கு அது நல்லது. ஆனால் வெட்டும் வட்டு தட்டையானது, வளைவாகப் போகாது, சின்னச் சின்ன நேர்க்கோடுகளாகத்தான் வட்டத்தைக் கட்டமுடியும். 114 மி.மீ. வட்டத்தின் சுற்றளவு கிட்டத்தட்ட 36 செ.மீ. அவ்வளவு தூரம் போவதற்குள் சாதா வட்டுகள் பட்பட்டென்று உடையும், ஃபைபர் கலந்தது தாங்கும். கண்ணாடி போடாமல் இதைத் தொடவே கூடாது. ஆங்கிள் கிரைண்டரை எடுக்கலாமா என்று கேட்காதீர்கள். நண்பன் வீட்டில் எடுத்தோம். வெட்டு அரைமணியில் முடிந்தது, தீப்பொறி விழுந்த வெள்ளை டைல்ஸில் மறுநாள் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு அம்மை போட்ட மாதிரி துருப்புள்ளி. அவன் அம்மா இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கை நிப்ளர் என்று ஒன்று உண்டு, தகட்டைக் கடித்துக் கடித்து எடுக்கும். தீப்பொறி இல்லை, தகடு வளையாது, சத்தமும் இல்லை, அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு வரப்பிரசாதம். ஒரு கடிக்கு ஒன்றரை மி.மீ. என்று வைத்தாலும் 36 செ.மீ.க்கு 240 அழுத்து. கை ஓய்ந்துவிடும், ஆனால் முறுக்காது.

ஒன்றுமே இல்லை, டிரில் மட்டும்தான் என்றால்? கோட்டுக்கு உள்பக்கமாக 5 மி.மீ.க்கு ஒன்று என்று வரிசையாக 70 ஓட்டை, பிறகு இடையில் இருப்பதைக் கட்டிங் பிளையரால் கத்தரித்து அரைவட்ட அரத்தால் ராவுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இந்த வழியை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை, ஆனால் பொறுமை இருந்தால் கோணாமல் வரும், தப்பு நடந்தாலும் மெதுவாகத்தான் நடக்கும். ஏற்கெனவே தேன்கூடு மாதிரி சல்லடை குத்திய இடமாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், கடை ஆள் 70 ஓட்டையைப் போட்டே கொடுத்துவிட்டார் என்று அர்த்தம், பிளையர் மட்டும் போதும்.

கோயம்புத்தூர் கணபதி பக்கம் மாதிரி தெருவுக்குத் தெரு பட்டறை உள்ள ஊரில் இருந்தால், மூடியை மட்டும் கழற்றி லேசர் கட்டிங் இடத்தில் கொடுத்துவிடுவது இது எல்லாவற்றையும்விட மேல். கழற்ற முடியாத மேல் தகட்டுக்கு அது உதவாது, ரிவிட்டைப் பிடுங்கினால் தவிர.

எந்த வழியில் போனாலும் மதர்போர்டு, பவர் சப்ளை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும், துணி போட்டு மூடினால் போதும் என்பது பேராசை. வெட்டி முடித்ததும் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்க்காதீர்கள், பிசிறு பிளேடு மாதிரி இருக்கும், முதலில் அரம். துருவலை எடுக்க, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு மூலை முடுக்கெல்லாம் தடவிவிட்டு, பையை உள்வெளியாகத் திருப்பினால் மொத்தமும் அதிலேயே வந்துவிடும். அலுமினியம் என்றால் காந்தம் பிடிக்காது, ஈரத்துணிதான். வெட்டிய விளிம்பில் துத்தநாகப் பூச்சு போயிருக்கும், ஒரு கை பெயின்ட் தொட்டுவிட்டு, மேலே ரப்பர் பீடிங் செருகுங்கள். கோணிய வட்டமும் அதற்குள் மறைந்துவிடும்.