நுண்கலைப் பட்டமா, பட்டறையா, கல்வியியற் கல்லூரியா?

உயர்தரத்தில் சித்திரத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, மருதனார்மடத்தில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைப் பிரிவில் நுண்கலைமாணிப் பட்டம் படிக்கப் போவதாகச் சொன்னால், யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் எழும் கேள்வி "முடிச்சிட்டு என்ன வேலை?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆயினும் அந்தப் பிள்ளைக்கு முன்னால் இருக்கும் மற்ற வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் அதற்கு விடை சொல்ல முடியாது.

முதலில் செலவு. 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ள நாட்டில், அரச பல்கலைக்கழகத்தின் உள்வாரிப் பட்டத்துக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை; வசதி குறைந்தவர்களுக்கு மகாபொல உதவித்தொகையும் உண்டு. எனவே இங்கே உண்மையான விலை காலம்தான். உயர்தரப் பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி, உளச்சார்புப் பரீட்சை என்று காத்திருந்து, பிறகு நான்கு ஆண்டுகள் படித்து வெளியே வரும்போது, கூடப் படித்தவர்களில் பலர் உழைக்கத் தொடங்கியிருப்பார்கள்.

கைத்திறன் மட்டுமே வேண்டுமென்றால் பட்டறைக்கு நிகரில்லை. கோயில் வாகனம் செய்யும் இடத்தில் சேரும் இளைஞன் மரத்தைத் தேய்ப்பதில் தொடங்கி, செதுக்கி, வர்ணம் பூசும் நிலைக்கு மெல்ல மெல்ல வருகிறான்; இடபத்தின் கழுத்து மடிப்பு ஒரு நூலிழை பிசகினாலும் ஆசாரியார் மறுபடி செய்யச் சொல்லுவார். கண் திறப்பதை மட்டும் அவர் தம் கையிலேயே வைத்திருப்பார். இத்தனை இறுக்கமான பயிற்சியை எந்தப் பல்கலைக்கழகமும் தருவதில்லை என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அங்கே அளவும் வடிவமும் முன்பே வகுக்கப்பட்டவை. வேலை, திருவிழாக்களையும் கும்பாபிஷேகங்களையும் நம்பியிருக்கிறது. அதைவிட முக்கியமானது, பட்டறை பெரும்பாலும் குடும்பத் தொழிலாகவும் ஆண்களின் இடமாகவுமே இருக்கிறது. வரையத் தெரிந்த ஒரு பெண்பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு திறந்திருக்கும் அளவுக்கு அந்தக் கதவு திறந்திருப்பதில்லை. "பட்டம் எதற்கு, தொழிலைப் பழகலாமே" என்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கணினி வடிவமைப்பில் குறுங்கால டிப்ளோமா செய்தால் பணம் விரைவாக வரும். திருமண அல்பம், பதாகை, புலம்பெயர்ந்த உறவுகள் கேட்கும் அழைப்பிதழ் என்று வேலைக்குக் குறைவில்லை. இதைப் பட்டத்தோடு சேர்த்தே பழகலாம் என்பதால் நான் இதை ஒரு போட்டியாகக் கருதவில்லை.

ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரிதான் பட்டத்துக்கு உண்மையான போட்டி. மூன்றாண்டுப் பயிற்சி, அதில் ஓராண்டு பாடசாலையிலேயே. முடிந்ததும் நியமனம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பட்டதாரியோ அதே வகுப்பறைக்கு வரப் பல காலம் காத்திருக்க நேரலாம். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னால் மாதக்கணக்கில் போராட்டம் நடத்தியதை நாம் மறந்துவிடவில்லை. பாடசாலை ஆசிரியராவதே குறிக்கோள், வீட்டின் வருமானமும் அவசரம் என்றால், கல்வியியற் கல்லூரியைத் தெரிவதே அறிவுடைமை.

பிறகு ஏன் பட்டம்? எதை வரைவது, ஏன் வரைவது என்ற கேள்வியோடு ஒருவரை நான்கு ஆண்டுகள் இருக்க விடும் இடம் வேறெதுவும் இல்லை என்பதால்தான். பனைமரத்தையும் கோபுரத்தையும் அழகாக வரையும் மாணவியிடம், "இதில் உன்னுடைய பார்வை எங்கே?" என்று ஒரு விரிவுரையாளர் கேட்கும்போது முதலில் கோபம்தான் வரும், அந்தக் கேள்வி அவள் வேலையை மாற்றத் தொடங்குவதற்குக் காலம் எடுக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டு, அவற்றுடன் கட்டடக்கலைஞரின் வரைபடத்தையும் தம் ஓவியத்தையும் சேர்த்து ஒரு நூலாக்கினார். அவர் தில்லியில் ஓவியம் பயின்றவர். கைத்திறனோடு வரலாற்றையும் ஆராய்ச்சியையும் சேர்த்துக் கற்றவரால்தான் இப்படி ஒரு வேலையை எண்ணிப்பார்க்க முடிகிறது. நம் மண்ணில் இன்னும் வரையப்படாமல் கிடப்பவை ஏராளம்.

பட்டத்துக்குள்ளும் தெரிவு உண்டு. மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கொழும்பில் 2005இல் உருவான கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தில் சிங்களமே முதன்மையான மொழி. தமிழில் சிந்தித்து எழுத விரும்பும் பிள்ளைக்கு மருதனார்மடமும் கல்லடியுமே பொருந்தும். வீட்டுச் சாப்பாட்டோடு படிக்கலாம் என்பது மருதனார்மடத்துக்கு ஒரு சாதகம், ஊரை விட்டு விலகி ஊரைப் பார்க்கலாம் என்பது கல்லடிக்கு.

வரையாமல் இருக்க முடியாத பிள்ளையானால் பட்டத்தையே படிக்கட்டும். ஆனால் முதலாம் ஆண்டிலிருந்தே கணினி வடிவமைப்பையோ சிறுவர் வகுப்பையோ கைவசம் வைத்துக்கொள்ளட்டும். இசட் புள்ளிக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை என்று வருபவருக்கு அந்த நான்கு ஆண்டுகள் வீண். விண்ணப்பத்தில் தெரிவுகளை வரிசைப்படுத்துமுன், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து இறுதியாண்டு மாணவர்களின் கண்காட்சி ஒன்றுக்குப் போய், அங்கே நிற்கும் மாணவர்களிடம் அவர்களது வேலையைப் பற்றியும் அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் பற்றியும் நேரடியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.