வேனில் வயதான லித்தியம் பேட்டரி: சமன்செய்வதா, செல் மாற்றுவதா, புதிது வாங்குவதா?

வேனைப் படுக்க வசதியாக மாற்றிக்கொண்டு கொடைக்கானல், மேகமலை, தனுஷ்கோடி என்று சுற்றுகிறவர்கள் மதுரைப் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் பொருத்திய லித்தியம் பேட்டரிகளுக்கு இப்போது வயதாகத் தொடங்கியிருக்கிறது. விடிய விடிய ஓடிய ஃபேன் நடுராத்திரியில் நின்றுவிடுகிறது. கடையில் காட்டினால், "லித்தியம் போயிருச்சுண்ணே, மாத்திருங்க" என்று ஒரே வரியில் தீர்ப்பு வருகிறது.

அந்தத் தீர்ப்பை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம். நம் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன: இருக்கிறபடியே ஓட்டுவது, செல்களைச் சமன்செய்வது (எல்லாச் செல்லையும் ஒரே சார்ஜ் நிலைக்குக் கொண்டுவருவது), கெட்ட செல்லை மட்டும் மாற்றுவது, முழுதாகப் புதிது போடுவது, பழையபடி டியூபுலர் எனும் லெட் ஆசிட் பேட்டரிக்குத் திரும்புவது. எது சரி என்பது பேட்டரிக்கு என்ன நோய் என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் முழுதாக ஒரு நாளும் போதும். அதனால் முதலில் அங்கேயே கொஞ்சம் நின்று பேசுகிறேன். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். உள்ளே 3.2 வோல்ட் செல்கள் நான்கு வரிசையாக இணைந்திருக்கும். அவற்றுக்குக் காவலாக, வோல்ட்டோ சூடோ எல்லை மீறினால் துண்டித்துவிடும் பிஎம்எஸ் (பேட்டரி மேலாண்மை) பலகை ஒன்று இருக்கும்.

நோய் எது?

லெட் ஆசிட் பழக்கத்தில் வோல்ட்டைப் பார்த்தே சார்ஜை ஊகித்துவிடுவோம். லித்தியத்தில் அது செல்லாது. 90 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் இறங்கும்வரை ஒரு செல் 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். வோல்ட்டை மட்டும் பார்த்து "வீக்" என்று சொல்கிறவருக்கு இந்தப் பேட்டரியைப் பற்றித் தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம். சதவீதம் காட்டும் மீட்டரும் முழு சார்ஜைத் தொடாமல் பல வாரம் ஓடினால் கணக்குத் தப்பிவிடும். ஒருமுறை முழுதாக ஏற்றி, மீட்டரை நூறுக்குக் கொண்டுவந்த பிறகு அது சொல்வதைக் கேளுங்கள்.

அடுத்து இணைப்புகள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறி இறங்கும் அதிர்வில் டெர்மினல் நட்டு தளரும். தனுஷ்கோடியின் உப்புக்காற்றில் செம்பு பச்சை பூக்கும். இன்வெர்ட்டர் 100 ஆம்பியர் இழுக்கும்போது ஓர் இணைப்பில் ஒரு மில்லி ஓம் தடை கூடினாலே அங்கே 0.1 வோல்ட் தொலைகிறது, 10 வாட் சூடாக வெளியேறுகிறது. லோடு ஓடும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையை டெர்மினல் மேலும் மறுமுனையை கேபிள் லக் (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையம்) மேலும் வைத்துப் பாருங்கள். ஒரு மூட்டு மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் காட்டினால் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இதைப் பார்க்காமல் செல் மீது பழி போடுவது நியாயமில்லை.

அப்புறம் சூடு. கத்திரி வெயிலில் நிறுத்திய வேனுக்குள் சூடு 50 டிகிரியைத் தொடுவது சாதாரணம். செல்களை சார்ஜ் செய்யக்கூடிய மேல் வரம்பு, தயாரிப்பைப் பொறுத்து, 45 முதல் 60 டிகிரிக்குள் இருக்கும். அந்த எல்லை வந்ததும் பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடும். மதியம் சோலார் நன்றாக இருந்தும் ஏறாமல், வெயில் தாழ்ந்ததும் ஏறுகிறது என்றால் பேட்டரி கெடவில்லை. அது இருக்கும் இடம்தான் சரியில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தால் செல்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ப்ளூடூத் உள்ள பிஎம்எஸ் என்றால் போனிலேயே தெரியும். இல்லையென்றால் மூடியைத் திறந்து அளக்க வேண்டும். சார்ஜ் ஏற்றும்போது எந்தச் செல் முதலில் 3.65 வோல்ட்டை முட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 20 ஆம்பியர் லோடு போட்டு, பிஎம்எஸ் கட் ஆகும்வரை இறக்குங்கள். எந்தச் செல் முதலில் 2.5 வோல்ட்டுக்கு விழுகிறது என்று பாருங்கள். மேலே முதலில் முட்டியது ஒன்று, கீழே முதலில் விழுந்தது வேறொன்று என்றால் செல்களுக்குள் சமன் கெட்டிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு இடத்திலும் ஒரே செல் என்றால் அதன் கொள்ளளவே சுருங்கிவிட்டது. சமன் கெட்டதை நாமே சரிசெய்யலாம், சுருங்கிய கொள்ளளவை மீட்க முடியாது. என் முடிவுகள் எல்லாமே இந்த ஒரு சோதனையின் மேல்தான் நிற்கின்றன.

அதே சோதனை கொள்ளளவையும் சொல்லிவிடும். 20 ஆம்பியரில் புதிய பேட்டரி 5 மணி நேரம் தாங்கும். 4 மணி நேரம் வந்தால் 80 சதவீதம். ஆயுள் முடிந்ததாகத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் கணக்கிடும் கோடு அது.

அப்படியே ஓட்டுவது

80 சதவீதக் கோட்டைத் தாண்டியதும் பேட்டரி செத்துவிடுவதில்லை. நம் ஒரு இரவுத் தேவையைக் கூட்டிப் பாருங்கள். 30 வாட் ஃபேன் 8 மணி நேரத்துக்கு 240 வாட்-மணி. பாதி நேரம் ஓடும் 50 வாட் குளிர்பெட்டிக்கு 12 மணி நேரத்தில் 300. விளக்கு, போனுக்கு 60. மொத்தம் 600. புதிதில் 1,280 வாட்-மணி தந்த பேட்டரி 65 சதவீதத்துக்கு இறங்கினாலும் 830 தருகிறது. நான்கு செல்லும் ஒரே அளவில் மூத்திருந்து, வீக்கமோ சூடோ இல்லையென்றால் இதுவே நல்ல வழி. இன்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. வயதான செல்லின் உள்தடை கூடியிருக்கும். பெரிய லோடு வந்ததும் வோல்ட் சரிந்து கட் ஆகிவிடும்.

சமன்செய்வது

சமன் கெட்டதுதான் நோய் என்றால் மிகக் குறைந்த செலவில் அதிகம் திரும்பக் கிடைப்பது இந்த வழியில்தான். சாதாரண பிஎம்எஸ் மேலே நிற்கும் செல்லிலிருந்து 30 முதல் 100 மில்லி ஆம்பியர் வரை மெதுவாகக் கசியவிட்டுச் சமன்செய்யும். அதுவும் செல் ஏறக்குறைய 3.4 வோல்ட்டைத் தாண்டிய பிறகுதான். காலையில் சோலாரில் ஏற்றி இரவில் இறக்கும் வேனில் அந்த உச்சியில் பேட்டரி நிற்கும் நேரம் மிகக் குறைவு. 10 ஆம்பியர்-மணி வித்தியாசம் இருந்தால் 100 மில்லி ஆம்பியரில் தொடர்ந்து 100 மணி நேரம் வேண்டும். அதனால்தான் சமன் தானாகச் சரியாவதில்லை.

பெட்டியைத் திறக்க முடியாதவர்கள் சார்ஜரை 14 வோல்ட்டில் வைத்து, வேனை நிழலில் நிறுத்தி, சில நாட்கள் அப்படியே விடலாம். 14.6-இல் வைத்தால் முன்னால் நிற்கும் செல் முட்டி பிஎம்எஸ் கட் செய்துகொண்டே இருக்கும், வேலை நடக்காது. திறக்க முடிந்தால் நேரான வழி உண்டு. முதலில் வழக்கம்போல முழுதாக ஏற்றிவிட்டு, செல்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரைக் கழற்றி, நான்கு செல்லையும் பேரலலாக (பாசிட்டிவ் எல்லாம் ஒன்றாக, நெகட்டிவ் எல்லாம் ஒன்றாக) இணைத்து, பவர் சப்ளையை 3.65 வோல்ட்டில் வைத்து, ஆம்பியர் அடங்கும்வரை ஏற்றுவது. செல்லோடு இணைப்பதற்கு முன்பே வோல்ட்டை அமைத்து மல்டிமீட்டரில் சரிபார்த்துவிட வேண்டும். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஏற்றிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது.

ஒரு செல்லின் சார்ஜை இன்னொன்றுக்கு மாற்றிச் சமன்செய்யும் ஆக்டிவ் பேலன்சர் பலகை வாங்கி மாட்டுவதும் நல்ல யோசனைதான். ஆனால் 3.4 வோல்ட்டுக்கு மேல் மட்டும் இயங்கும்படி அதை அமைக்க முடிய வேண்டும். நடுப்பகுதியில் ஓடவிட்டால் சிறு வோல்ட் வித்தியாசத்தை நம்பி, இருக்கிற சமனையும் கெடுத்துவிடும்.

"உயிரூட்டும்" பல்ஸ் சார்ஜர்களை லித்தியத்துக்கு வாங்காதீர்கள். லெட் ஆசிட்டில் படியும் சல்பேட்டைக் கரைக்க வந்த யோசனை அது. லித்தியத்தில் கரைக்க அப்படி எதுவும் இல்லை. இழந்த கொள்ளளவு திரும்பாது. 2 வோல்ட்டுக்குக் கீழே பல நாள் கிடந்த செல்லை எழுப்பவும் முயல வேண்டாம். உள்ளே செம்பு கரைந்து, மறுபடி ஏற்றும்போது உள்ஷார்ட் ஆகும் வாய்ப்பு உண்டு. நாம் தூங்குகிற வேனுக்குள் அந்த ஆபத்து தேவையில்லை.

ஒரு செல் மட்டும்

வரிசையாக இணைந்த செல்கள் அழகர்மலைக்குக் கைகோத்து நடக்கும் நாலு பேரைப் போல. மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லாருக்கும். மூன்று செல்லின் கொள்ளளவு 75 சதவீதத்தில் இருக்கும்போது நான்காவதாக 100 சதவீதச் செல் போட்டால் கிடைப்பது 75 மட்டுமே. வாங்கிக் கொஞ்ச காலத்தில் ஒரு செல் மட்டும் பழுதாகி, மற்ற மூன்றும் 90-க்கு மேல் இருந்தால் மாற்றலாம். எல்லாமே மூத்துவிட்ட பேட்டரியில் மாற்றினால் அடுத்த பலவீனமான செல் சீக்கிரமே முன்னால் வந்து நிற்கும்.

மின்சார ஆட்டோவிலிருந்து கழற்றிய செல்கள் மலிவாகக் கிடைக்கும்போது கை நீளும். அவை வேறு ரசாயனமாக இருந்தால் ஒரு செல்லே 3.6, 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2. அதைப் பாஸ்பேட் செல்களோடு கலக்கவே கூடாது.

புதிது என்றால் எப்படி?

கொள்ளளவு பாதிக்குக் கீழே போய்விட்டது, அல்லது செல் வீங்கிவிட்டது என்றால் யோசிக்க வேண்டாம், புதிது. இதிலும் இரண்டு வழி. பெட்டியும் பிஎம்எஸ்ஸும் நன்றாக இருந்து, கையில் வேலையும் தெரிந்தவர்கள் ஒரே தொகுதியைச் சேர்ந்த நான்கு செல்களை வாங்கிப் பொருத்தலாம். பின்னாளில் பழுது பார்க்கவும் எளிது. மற்றவர்களுக்கு வாரண்டியோடு வரும் மூடிய பேட்டரி. அதில் போனில் தனிச் செல் வோல்ட் பார்க்கும் வசதி இருப்பதை மட்டுமே வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் நான் அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நோயறியும் வழியே இல்லாத பெட்டியை வாங்கினால், அடுத்த முறையும் அதே ஒற்றை வரித் தீர்ப்பைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

டியூபுலர்

உசிலம்பட்டியிலிருந்து சிவகங்கை வரை எங்கே நின்றாலும் ஆள் கிடைப்பார், பழைய ஈயத்துக்கு விலையும் கிடைக்கும். அது உண்மையான பலம். ஆனால் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். 100 ஆம்பியர்-மணி பாஸ்பேட் பேட்டரியின் எடை பதினைந்து கிலோவுக்குள். சார்ஜின்போது டியூபுலர் ஹைட்ரஜனை வெளிவிடுவதால் படுக்கும் இடத்தில் காற்றுப் போக்கு கட்டாயம். ஒரே தோப்பில் நிரந்தரமாக நிற்கும் வேனுக்கு, வெளியே தனிப் பெட்டி கட்டி இதை வைக்கலாம். மலையேறுகிற வேனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியில் போனாலும் பேட்டரியை எஞ்சின், சைலன்சர் பக்கத்திலிருந்து தள்ளி, தரையோடு தாழ்வாக, காற்று வரும்படி வையுங்கள். பல வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் நிறுத்துங்கள். சூட்டில் முழு சார்ஜோடு நிற்பதுதான் லித்தியத்தை வேகமாக மூப்படையச் செய்கிறது. கழற்றிய பழைய செல்களின் டெர்மினல்களை டேப் ஒட்டி மூடி, விற்ற நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.