கறந்த பாலா, பாக்கெட்டா, காங்கேயம் மாட்டுப் பாலா: கொங்கு வீட்டுக்கு எது தோது?

கோவையிலோ ஈரோட்டிலோ நாலு பேர் கூடிய இடத்தில் பால் பேச்சு வந்தால் இப்போதெல்லாம் கட்சி பிரிந்துவிடுகிறது. தோட்டத்துப் பால்தான் பால் என்பார் ஒருவர். ஆவின் நீலப் பாக்கெட் போதும் என்பார் அடுத்தவர். காங்கேயம் மாட்டுப் பால், அதுவும் ஏ2 என்கிற புரதம் உள்ள பால் என்று சொல்லி லிட்டருக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கிறவர் மூன்றாமவர். எருமைப் பாலுக்காகப் பேசத்தான் ஆள் குறைந்துவிட்டது. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால் எந்த மாட்டுடையது என்பதற்காக இவ்வளவு சண்டை தேவையில்லை. அதைப் பாலாகக் குடிக்கிறோமா, மோராகவா, நெய்யாகவா, சர்க்கரை போட்ட டீயாகவா என்பதில்தான் உடம்புக்கு வித்தியாசம் அதிகம்.

தோட்டத்துப் பாலும் பாக்கெட் பாலும்

பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்பது சட்டப்படி எழுதப்பட்ட சங்கதி. சமன்படுத்திய பால் என்றால் கொழுப்பு 3 சதவீதம், கொழுப்பல்லாத மற்ற திடப்பொருள் 8.5 சதவீதம். நிலைப்படுத்திய பாலில் கொழுப்பு 4.5. நிறைகொழுப்புப் பாலில் 6. இருமுறை சமன்படுத்தியதில் 1.5 மட்டும். இந்த எண்கள் காலையிலும் மாலையிலும் ஆடியிலும் தையிலும் ஒன்றேதான்.

தோட்டத்துப் பாலுக்கு அப்படி ஒரு எண் கிடையாது. பசுந்தீவனம் போட்ட நாளில் ஒரு மாதிரி, வெறும் சோளத்தட்டு போட்ட நாளில் வேறு மாதிரி. மடியில் முதலில் இறங்கும் பால் இளசாகவும் கடைசியில் வருவது கொழுப்போடும் இருக்கும். ஆகவே ஏடு தடிமனாக வந்தது என்பதை வைத்து மட்டும் பாலை எடை போட முடியாது. பாக்கெட் பால் பலவற்றில் கொழுப்பைப் பொடியாக உடைத்துக் கலந்துவிடுவதால் ஏடு கட்டுவது குறையும். அதைப் பார்த்துவிட்டு ‘சத்தே இல்லை’ என்று சொல்வது பாக்கெட்டுக்குச் செய்கிற அநியாயம்.

“தண்ணி ஒரு சொட்டு கலக்க மாட்டனுங்க” என்று பால்காரர் சொல்வதை நம்பலாம், பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதே பாலை பால் சொசைட்டிக்கு ஊற்றினால் லாக்டோமீட்டர் என்கிற அடர்த்தி பார்க்கும் கருவியில் டிகிரி பார்க்கிறார்கள், கொழுப்பு அளந்து விலை போடுகிறார்கள். நம் வீட்டுச் சொம்பில் ஊற்றும்போது அளக்க யாரும் இல்லை. இன்னொன்றும் உண்டு. மடிநோய் வந்த மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், மருந்துக்குத் தகுந்தபடி சில நாள் அந்தப் பாலை மனிதர் குடிக்கக் கூடாது. ஒரே மாட்டுப் பாலை வாங்குகிற வீட்டுக்கு அந்த மருந்து அப்படியே வரும். ஆயிரம் மாட்டுப் பால் கலக்கும் இடத்தில் நீர்த்துப் போகும். நீர்த்துப் போவது நல்லதென்று சொல்லவில்லை, அளவு மாறுகிறது என்று மட்டும் சொல்கிறேன். நல்ல பண்ணையம் பண்ணுகிறவர் அந்த நாட்களின் பாலை யாருக்கும் ஊற்ற மாட்டார். பால்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், தண்ணீர்க் கேள்வி அப்புறம்.

பச்சைப் பாலைக் காய்ச்சாமல் குடிப்பது ‘இயற்கை’ என்று இப்போது ஒரு மோஸ்தர் வந்திருக்கிறது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை: கூடாது. புருசெல்லோசிஸ் என்கிற மாட்டு நோயும் மாட்டுக் காசநோயும் காய்ச்சாத பால் வழியாக மனிதருக்கு வரும். பால் நிலையத்தில் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கிக் குளிர வைப்பது இதற்காகத்தான். வீட்டில் பொங்கக் காய்ச்சினாலும் அதே வேலை நடக்கும். அப்படிக் காய்ச்சும்போது சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும். கால்சியமும் புரதமும் எங்கும் போகாது.

சரி, கலப்படம்? இங்கேதான் நம் பயம் ஒரு பக்கமும் ஆபத்து வேறு பக்கமும் நிற்கின்றன. 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. குடித்தால் ஆபத்து என்கிற அளவுக்குக் கலப்படம் இருந்தவை 12. அஃப்ளாடாக்சின் எம்1 என்கிற பூஞ்சை நச்சு வரம்பைத் தாண்டி இருந்தவையோ 5.7 சதவீதம். அதில் அதிக மாதிரிகள் பிடிபட்ட மாநிலம் தமிழ்நாடு. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் எல்லாம் ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்தால் அந்த நச்சு மாட்டுக்குள் போய், உருமாறிப் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது, பால் நிலையத்து வெப்பத்திலும் போகாது. அந்த ஆய்வில் கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இது கூடுதலாகத் தெரிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் தோட்டத்துப் பாலுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மாட்டுக்கு என்ன போடுகிறார்கள் என்று கட்டுத்தரைக்கே போய்ப் பார்க்கலாம். தீவன மூட்டை தரையில் கிடக்கிறதா, பலகை மேல் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பாக்கெட்டில் அந்த வசதி இல்லை.

ஆக, பாலைக் குளிரவைக்க வழியில்லாத, முன்பின் தெரியாத ஆளிடம் வாங்குவதைவிட பாக்கெட் மேல். மாட்டையும் தீவனத்தையும் நேரில் பார்க்க முடிகிற தூரத்தில் இருப்பவர்களுக்குத் தோட்டத்துப் பால் மேல்.

காங்கேயமா, ஜெர்சியா?

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டுப் பாலுக்குக் கிராக்கி ஏறியது. காங்கேயம் மாட்டின் மேல் எனக்கும் ஆசை உண்டு. கிளுவை வேலி கட்டிய கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலங்காயும் தின்று, மழையே பெய்யாத ஆண்டையும் தாண்டி நிற்கிற மாடு அது. ஆனால் அது உழவுக்கும் வண்டிக்கும் கவலை பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கவும் உருவான இனம். ஒரு ஈற்றுக்குச் சராசரியாக 540 கிலோ பால் என்பது அதன் பதிவான கணக்கு. கன்றுக்கும் அதில்தான் பங்கு. பர்கூர் மலை மாடும் இதே ரகம். அப்படியிருக்க, நகரத்தில் தெருவுக்கு ஒரு கடையில் ‘அசல் காங்கேயம் பால்’ தினமும் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏ2 என்பது பாலிலுள்ள பீட்டா கேசின் என்கிற புரதத்தின் ஒரு வகை. அந்தப் புரதத்தின் 67-ஆம் இடத்தில் ஏ2 வகையில் புரோலின் இருக்கிறது, ஏ1 வகையில் ஹிஸ்டிடின் இருக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் ஏ1 செரிக்கும்போது பிசிஎம்-7 என்கிற சிறு துணுக்கு எளிதில் பிரிகிறது. சர்க்கரை நோய், இதய நோய் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் ஆராய்ந்து, அப்படிக் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொன்னது. ஏ2 குடித்தவர்களுக்கு வயிற்று உப்புசம் குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அவ்வளவுதான் கையில் இருக்கிற ஆதாரம். நம் நாட்டிலும் 2024 ஆகஸ்டில் ஏ1, ஏ2 என்று லேபிளில் போடக் கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. வியாபாரம் தொடர்கிறது.

வேடிக்கை என்னவென்றால், எருமைப் பாலும் ஏ2 தான். ஜெர்சி மாட்டிலும் ஏ2 கணிசமாக உண்டு. ஏ2 மட்டும்தான் வேண்டுமென்றால் எருமைக்காரரிடம் போனால் செலவு பாதியாகும். காங்கேயம் இனம் அழியாமல் இருக்க வேண்டும், கொரங்காடு மிஞ்ச வேண்டும் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கிறீர்களா, நல்ல காரணம், கொடுங்கள். மருந்து என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

பசுவும் எருமையும்

இது சின்ன விஷயம். எருமைப் பாலில் கொழுப்பு ஆறரை சதவீதம் சுமாருக்கு, பசும்பாலில் நாலு நாலரை. புரதமும் எருமையில் கொஞ்சம் அதிகம். தயிர் கட்டியாக உறையும், காப்பிக்கு அடர்த்தி வரும். ஊத்துக்குளி வெண்ணெய்க்கு இருக்கும் பெயருக்கு எருமைக்கும் பங்கு உண்டு. எடை ஏறாத குழந்தைக்கும் காட்டு வேலை செய்கிறவருக்கும் எருமைப் பால் லாபம். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரருக்குப் பசும்பாலோ நீலப் பாக்கெட்டோ போதும்.

பாலா, மோரா?

எனக்கு இதுதான் உண்மையான போட்டி. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்கிற நொதி வேண்டும். குழந்தைப் பருவம் தாண்டியதும் பலருக்கு அது சுரப்பது குறைந்துவிடும். பெரியவரான பின்னும் அதைச் சுரக்க வைக்கும் மரபணு இந்தியாவில் வடமேற்கில் அதிகம், தென்கிழக்காக வர வர குறைவு. நம் பக்கத்தில் ‘பால் குடிச்சா வயிறு கடமுடாங்குதுங்க’ என்று சொல்பவர் நிறைய இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காங்கேயம் பாலுக்கு மாறினாலும் எருமைப் பாலுக்கு மாறினாலும் லாக்டோஸ் அதே லாக்டோஸ்தான்.

உறை ஊற்றினால் கதை மாறுகிறது. தயிர்ப் பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைப் புளிப்பாக மாற்றிவிடுகிறது. மிச்சத்தைச் செரிக்கவும் வயிற்றுக்குள் கை கொடுக்கிறது. கடைந்து வெண்ணெய் எடுத்து நீர் விளாவினால் கொழுப்பும் குறைந்துவிடும். சித்திரை வெயிலில் தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் காட்டில் நிற்பவருக்கு உப்பு போட்ட மோரைவிட மலிவான பானம் எனக்குத் தெரியாது. ஒரே குறை, நீர்மோரில் நீர்தான் அதிகம். கால்சியத்துக்காகக் குடிப்பதென்றால் கெட்டி மோராகவோ தயிராகவோ இருக்க வேண்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர் உப்பைக் குறைத்துக்கொள்ளட்டும்.

பாலும் ராகியும்

நூறு கிராம் பசும்பாலில் கால்சியம் 120 மில்லிகிராம் அளவுக்கு. நூறு கிராம் ராகியில் 340-க்கு மேல். ஒரு நாளைக்குப் பெரியவருக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வரையறுத்தது. காகிதத்தில் பார்த்தால் ராகிக் களி ஜெயித்துவிடும். ஆனால் ராகியிலுள்ள பைட்டேட்டும் ஆக்சலேட்டும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலில் அந்தத் தடை இல்லை. ராகியை முளைகட்டினாலோ மாவைப் புளிக்க வைத்தாலோ பைட்டேட் குறையும். புளித்த கூழில் தயிர் ஊற்றிக் கரைத்துக் குடிப்பது நம் ஊர்ப் பழக்கம்தானே.

ராகியால் முடியாத ஒன்று பி12 வைட்டமின். செடியில் அது கிடையாது. கறி, முட்டை தொடாத வீடுகளில் பி12-க்குப் பாலும் தயிரும்தான் வழி. பெரியவருக்கு நாளுக்கு 2.2 மைக்ரோகிராம் வேண்டும். அரை லிட்டர் பாலில் அது ஏறக்குறைய கிடைத்துவிடும். பாதாம் பால், தேங்காய்ப்பால் என்று முழுக்க மாறுகிற சைவக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். சந்தகைக்குத் தேங்காய்ப்பால் ருசிதான், ஆனால் புரதத்திலோ பி12-லோ அது பசும்பாலுக்கு ஈடில்லை. கறி, முட்டை வாரத்தில் சில நாள் சாப்பிடுகிறவர் பாலே தொடாமல் இருந்தாலும் பெரிய மோசமில்லை. ராகி, கீரை, எள், முள்ளோடு தின்னும் சின்ன மீன் என்று கால்சியத்துக்கு மட்டும் வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரும்புச் சத்து விஷயத்தில் பால் கொஞ்சம் வில்லன்தான். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பால் கொடுக்கக் கூடாது. அதற்கு மேல் வளர்ந்த பிள்ளையும் பாலை மட்டும் குடித்துவிட்டுச் சோற்றை ஒதுக்கினால் சோகை வரும். “பிள்ளை லிட்டர் கணக்குல பால் குடிக்குதுங்க” என்பது பெருமைப்பட வேண்டிய சங்கதி இல்லை.

நெய்

அரிசிம்பருப்பு சாதத்துக்கும் ஒப்புட்டுக்கும் நெய் இல்லாமல் முடியாது, அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் நெய் பாலின் பிள்ளை என்பதற்காக அதைப் பாலோடு சேர்த்து எண்ணக் கூடாது. அது முழுக்கக் கொழுப்பு. கால்சியம் இல்லை, புரதம் இல்லை. ஒரு மேசைக்கரண்டியில் 130 கலோரி, அதில் நிறைவுற்ற கொழுப்பு 9 கிராம் வரை. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற நிறைவுற்ற கொழுப்பு வரம்பு 22 கிராம் சுமாருக்கு. இரண்டு மேசைக்கரண்டி நெய்யிலேயே 18 போய்விடும். மணத்துக்கு ஒரு சின்னக் கரண்டி, சமையலுக்குக் கடலை எண்ணெய் என்று பிரித்துக்கொள்வது என் கணக்கு. பனீர் பரவாயில்லை. பெருந்துறைப் பக்கமே பெரிய அளவில் தயாராகிறது. நூறு கிராமில் 18 கிராம் புரதம் இருக்கும், லாக்டோஸும் குறைவு. அதை எண்ணெயில் பொரித்து வெண்ணெய்க் குழம்பில் போடுவதுதான் வம்பு.

கடைசியில் டீ

இவ்வளவு சண்டை போட்டு வாங்கிய பால் பெரும்பாலும் போய்ச் சேர்வது டீயிலும் காப்பியிலும். கோயம்புத்தூர் பேக்கரி டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 10 கிராம். நாளுக்கு நாலு டீ குடித்தால் 40 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பாட்டோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். பேக்கரியில் ‘சக்கரை கம்மியாங்க’ என்று சொன்னால் அரைக் கரண்டிதான் குறைகிறது. ‘சக்கரை இல்லாம ஒண்ணு’ என்று வாங்கி, வேண்டுமானால் நாமே கொஞ்சம் போட்டுக்கொள்வது தேவலை.